பறக்கும் தட்டில் நான் போட்ட ஓட்டை

தரக்கட்டுப்பாடு பார்க்கிறவனைத் தொழிற்சாலையில் யாரும் சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள். காலையில் இரண்டு டிரே சரக்கைத் தள்ளிவிட்டு மத்தியானம் அதே ஆட்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் யாருக்குத்தான் சோறு இறங்கும்? வெர்னியர் அளவுகோலும் தராசுமாகப் பிழைக்கிற அன்பர்களே, இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் டிபன் டப்பாவைத் தனியாகத் திறந்து பழகியவர்கள்தான்.

நான் பதினைந்து வருஷம் அம்பத்தூரில் வாளி மூடி செய்கிற கம்பெனியில் இருந்தேன். ஒரு நாள் அதை மூடிவிட்டார்கள். மனைவி கோமதியும் மூன்றாவது படிக்கும் மகளும் பள்ளிப்பட்டில் மாமியார் வீட்டுக்குப் போனார்கள். நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் தற்காலிகமாகச் சேர்ந்து, டயர் கடைக்கு மேலே ஒற்றை ரூமில் தங்கினேன். செல்போன் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஏறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை.

சேர்ந்த அன்றே மேனேஜர் ஒரு வாக்குக் கொடுத்தார். ஒரு புதுச் சரக்கு வருகிறது, வெளிநாட்டு அங்கீகாரம் வாங்க வேண்டும், வாங்கிவிட்டால் நான் நிரந்தரம், ஷெட்டுக்குப் பின்னாலிருக்கும் கம்பெனி வீடுகளில் மூன்றாம் நம்பர் எனக்கு. சாவி அவர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் அவர் முகத்துக்கு முன்னால் அந்தச் சாவியைத்தான் பார்ப்பேன்.

மூடியும் இல்லை, தட்டும் இல்லை

சென்னையிலிருந்து ஏஜென்ட் ஒருவர் வேனில் மோல்டை, அதாவது பிளாஸ்டிக்கை வார்க்கும் இரும்பு அச்சை, கொண்டு வந்து இறக்கினார். மெஷினில் ஏற்றிப் பார்த்தால் வட்டமாக, கொஞ்சம் குழிவாக, ஓரம் தடித்த ஒன்று வந்து விழுந்தது. பதினைந்து வருஷ மூடிக் கண்ணுக்கு அது மூடியாகத்தான் தெரிந்தது. எந்த வாளிக்கு என்று கேட்டேன். ஏஜென்ட் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

அமெரிக்காவில் ஒரு விளையாட்டாம், டிஸ்க் கோல்ஃப் என்று பெயராம். கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் தள்ளுவதுபோல, இதில் இந்தத் தட்டை எறிந்து எறிந்து தூரத்தில் ஒரு கம்பத்தில் சங்கிலி தொங்கும் கூடையில் விழ வைக்க வேண்டும். குறைந்த எறிகளில் போட்டவர் ஜெயித்தவர். எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டதற்கு, எத்தனை பேரும் ஆடலாம், ஆள் கிடைக்காவிட்டால் ஒருத்தர் தனியாகவே ஆடிக்கொள்ளலாம் என்றார். தீபாவளிக்குப் புதுத்துணி எடுப்பதுபோல அங்கே சீசனுக்குச் சீசன் புது மாடல் தட்டு வெளியிடுவார்களாம், ஆட்டக்காரர்கள் வாங்கிக் குவிப்பார்களாம்.

மெஷின் ஓட்டும் ஏழுமலை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். கும்மிடிப்பூண்டிக்காரன், அவன் அப்பா வரைக்கும் பிறர் வயலில் கூலி வேலை, இவன்தான் குடும்பத்தில் முதல் கம்பெனி ஆள். எனக்கு அங்கே நண்பன் என்று சொல்ல முடியாவிட்டாலும் பேச்சுக்குப் பேச்சு கொடுக்கிறவன் அவன் ஒருத்தன்தான். கடைசியில் கேட்டான்:

"ஏன் சார், அவ்ளோ தூரம் நின்னுகினு எறிஞ்சி எறிஞ்சி கூடைல போடறதுக்கு, நடந்து போயி கையாலயே போட்டுட்டு வந்துடலாமே?"

அரிசித் தராசு

தட்டை யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம். போட்டியில் அதை எறிய வேண்டுமென்றால் மட்டும் அந்த ஆட்டத்தை நடத்துகிற சங்கம் அளந்து பார்த்து அங்கீகாரம் தர வேண்டும், அதுவும் புது மாடல் ஒவ்வொன்றுக்கும் தனியாக. ஏஜென்ட் விதிகளை ஒரு கட்டாகக் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரூமில் உட்கார்ந்து அகராதியை வைத்துக்கொண்டு அதைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதினேன். குறுக்களவு இருபத்தோரு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் எட்டே கால் கிராமுக்குச் சற்று மேல்வரை எடை இருக்கலாம். எங்கள் தட்டுக்குக் கணக்குப் போட்டால் நூற்று எழுபத்தாறைத் தொடக் கூடாது. ஓரம் கூராக இருக்கக் கூடாது. தட்டை நிறுத்தி மேலிருந்து அழுத்தினால் குறிப்பிட்ட பாரத்துக்குள் வளைந்து கொடுக்க வேண்டும். ஓட்டை இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் முத்து முத்தாக எழுதினேன். இந்த ஓட்டை விஷயத்தை அன்பர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், நான் வைத்துக்கொள்ளவில்லை.

அழுத்திப் பார்க்க எங்களிடம் கருவி கிடையாது. கேன்டீனில் அரிசி நிறுக்கும் மேடைத் தராசை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கடன் வாங்கினேன். அதன்மேல் தட்டை நிறுத்தி, உள்ளங்கையால் அழுத்தி, முள் எங்கே நிற்கும்போது தட்டு மடங்குகிறது என்று பார்த்து, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதுவேன். நீலத்துக்கு ஒரு பாரம், ஆரஞ்சுக்கு ஒரு பாரம். சாயம் மாறினால் எடையும் மாறித் தொலைக்கும். நான்கு மாதம் இப்படிப் போனது. பழவேற்காட்டிலிருந்து வந்து கேன்டீன் நடத்தும் பாய் பாத்திரத்தைக் கழுவப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் பொறுக்காமல் சொன்னார்:

"சார், தப்பா நெனைக்காதீங்க, இந்தத் தராசு கிட்ட பேசறதுல பாதி எங்ககிட்ட பேசுனா நாங்களும் ஒங்கள நாஷ்டாவுக்குக் கூப்புடுவோம் இல்ல?"

இடது பக்கம் சாய்கிறது

அளந்தால் போதாது, பறக்கவிட்டும் பார்க்க வேண்டும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். கம்பெனிக்குப் பின்னால் இன்னும் யாரும் வாங்காத பெரிய காலி மனை ஒன்று, சீமைக்கருவேலம் அங்கங்கே. ஷிப்ட் முடிந்ததும் பத்துத் தட்டை எடுத்துக்கொண்டு போய் வலது கையால் சுழற்றி எறிந்தேன். நேராகப் போனது. முடிவில் இடது பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அடுத்ததும் இடது பக்கம். பத்தும் இடது பக்கம்.

மோல்டு கோணல் என்று முடிவு செய்துவிட்டேன். அன்றைய சரக்கு முழுவதற்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். ஏழுமலை மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் ஏஜென்ட் வந்து, வலது கையால் அப்படி எறிந்தால் எந்தத் தட்டும் ஓய்கிற நேரத்தில் இடது பக்கம்தான் திரும்பும், அது குறையில்லை, குணம் என்றார். சிவப்பு ஸ்டிக்கரை நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்தேன்.

அதற்கப்புறம் எறிந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் சாயங்காலமானால் போனேன். ரூமுக்குப் போனால் நாலு சுவர்தான். எறிவேன், நடப்பேன், எடுப்பேன், திரும்ப எறிவேன். அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் ஒரு அம்மா ரொம்ப நாள் ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கருவேலத்துக்குள் போன தட்டை ஆட்டுக்கோலால் இழுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்:

"தெனிக்கும் பாக்குறேன், புடிக்கறதுக்கு ஒரு ஆளும் காணோம், யாருக்குப்பா போட்டுக்கினு கீற?"

கையெழுத்து

மார்கழியில் சாம்பிள் அனுப்ப வேண்டும் என்று தேதி வந்தது. அமெரிக்காவில் புது வெளியீட்டுப் பட்டியலையே அச்சடித்துவிட்டார்களாம், எங்கள் தட்டின் படத்தோடு. அங்கீகாரம் வந்துவிட்டால் வெயில் காலத்துக்குள் கடைக்குப் போய்விடும். நானும் விரல் விட்டு எண்ணினேன். வெயில் காலத்துக்குள் வந்தால் ஜூனில் மகளைக் கும்மிடிப்பூண்டியிலேயே பள்ளியில் சேர்த்துவிடலாம். கோமதி பள்ளிப்பட்டில் வாத்தியாரிடம் டி.சி. வாங்குவதைப் பற்றிப் பேசியே விட்டாள். போனில் மகள், "நைனா, அந்த ஊட்ல ஜன்னல் கீதா?" என்று கேட்டாள். இரண்டு ஜன்னல் என்றேன். வெளியிலிருந்து பார்த்து எண்ணி வைத்திருந்தேன்.

ஒரு வாரத்து உற்பத்தியில் பொறுக்கிப் பொறுக்கி இரண்டு தட்டு எடுத்தேன். எடை, விளிம்பு, வளைவு எல்லாம் விதிக்குள். என் வாழ்க்கையில் அப்படி இரண்டு உருப்படியை நான் பாஸ் செய்ததில்லை. அம்பத்தூரில் நாங்கள் பாஸான சாம்பிளுக்கு ஒரு மரியாதை செய்வோம். ஓரத்தில் மெல்லிய ஓட்டை போட்டு, கம்பி கட்டி, அட்டையில் தேதியும் கையெழுத்தும் போட்டுப் பலகையில் மாட்டுவோம். ஓட்டை விழுந்த சாம்பிளை யாரும் விற்க முடியாது, மாற்றி வைக்க முடியாது. பதினைந்து வருஷம் என் கை அதைத்தான் செய்தது. அன்றும் செய்தது. ஏழுமலை தட்டை அசையாமல் பிடித்துக்கொண்டான், நான் டிரில்லால் இறக்கினேன். கம்பி கட்டி, அட்டையில் கையெழுத்துப் போட்டு, பஞ்சு வைத்துப் பெட்டியில் அடுக்கினோம். விதிகளை என் கையாலேயே எழுதியவன் நான். ஆனால் என் கணக்கில் அது ஓட்டையே இல்லை, கையெழுத்து வைக்கிற இடம். மேனேஜர் பெட்டியைத் திறந்து பார்த்துப் பூரித்துப் போனார்:

"பாருய்யா, ஓட்டைல கூட ஒரு பிசிறு இல்ல, எக்ஸ்போர்ட் குவாலிட்டின்னா இதான்!"

ஒரு வரிப் பதில்

பதில் ஏப்ரலில் வந்தது. ஏஜென்ட்டே பேப்பரைக் கொண்டு வந்தார், உட்காரவில்லை. அளவெல்லாம் சரி, இரண்டு தட்டிலும் ஓட்டை இருப்பதால் ஏற்பதற்கில்லை என்று ஒரு வரி. மற்றபடி ஒரு குறையும் இல்லை. திரும்ப அனுப்பி, திரும்ப அளந்து, திரும்பப் பதில் வர மழைக்காலம் ஆகிவிடும். வெளியீடு அடுத்த சீசனுக்குத் தள்ளிப் போயிற்று. மேனேஜர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பேப்பரை மடித்து டிராயரில் வைத்தார், பெட்டியைப் பார்த்துப் பூரித்தது அவருக்கும் ஞாபகம் இருந்தது போல. சாவி ஆணியிலேயே இருந்தது. வேலையை விட்டு அனுப்பவில்லை என்பதே பெரிது.

அன்று மெஷின் ஓடும் சத்தத்தில் பேச முடியாமல் வெளியே வந்து, காலி மனையில் நின்று கோமதிக்குப் போன் செய்தேன். சொன்னேன். யார் ஓட்டை போட்டது என்று கேட்டாள். நானேதான் என்றேன். பின்னால் மாமியார் வீட்டு டி.வி. பாடிக்கொண்டிருந்தது. ஊரில் அங்கன்வாடிக்கு ஆள் எடுக்கிறார்கள், எழுதிப் போடட்டுமா என்று கேட்டாள். போடு என்றேன். அதைப் பற்றி நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, என் மனசெல்லாம் ஓட்டையிலேயே இருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், அவள் சொன்னது இவ்வளவுதான்:

"சரி உடுங்க, பாப்பாவ இங்கியே நாலாவதுல சேத்துடறேன், நீங்க வேளைக்குத் துன்னுங்க."

சாமியின் எடை

இரண்டாம் தடவை அனுப்பும்போது ஆடி மாதம். பெரியபாளையத்துக்குப் போகிற கூட்டம் லாரியிலும் டெம்போவிலும் மேளத்தோடு எங்கள் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஏழுமலையும் போய்விட்டு வந்தான். டிரில்லை நான் ஸ்டோரில் வைத்துப் பூட்டி, சாவியை மேனேஜரிடமே கொடுத்துவிட்டேன். என் கையை நானே நம்பவில்லை.

பெட்டியை மூடப் போனால் இரண்டு தட்டின் நடுவிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஏழுமலையின் வேலை. தட்டின்மேல் எதையும் ஒட்டவோ தடவவோ கூடாது, கையில் தடிப்புத் தெரிந்தால் போயிற்று என்று நோட்டைப் பிரித்துக் காட்டினேன். துணியை நனைத்துத் துடைத்தேன். துடைத்ததும் திரும்ப நிறுத்தேன். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. போன தடவை ஓட்டை போடும்போது தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது அவன் கை, அந்தப் பாவம் போகட்டும் என்றுதான் அம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்திருக்கிறான். எனக்கு அது பிறகுதான் புரிந்தது, புரிந்தபோது வெட்கமாக இருந்தது. நான் துடைத்தபோது அவன் சொன்னது:

"எனுக்காகவா சார் வேண்டிக்கினேன், ஒங்க ஊட்டுக்காகத்தான், அதுகூடவா எடை ஏறிப்பூடும்?"

மூன்றாம் நம்பர்

மழை பிடித்துக்கொண்ட பிறகு அங்கீகாரம் வந்தது. ஏஜென்ட் இந்தத் தடவை உட்கார்ந்தார், டீ குடித்தார். புதுப் பட்டியலைப் பிரித்துக் காட்டினார். புது வெளியீடு என்ற வரிசையில் எங்கள் ஆரஞ்சுத் தட்டு, பக்கத்தில் அங்கீகாரம் பெற்றது என்று முத்திரை. யார் செய்தது, எந்த ஊர் என்றெல்லாம் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. மேனேஜர் எழுந்து ஆணியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். பாய் கேன்டீனிலிருந்து எல்லோருக்கும் கேசரி அனுப்பினார். அன்று முதல்முறையாக ஏழுமலை, வாங்க சார் என்று பக்கத்தில் இடம் போட்டான், உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மத்தியானமே மூன்றாம் நம்பரைத் திறந்து பெருக்கினேன். இரண்டு ரூம், ஒரு சமையல்கட்டு. ஜன்னல் மூன்று இருந்தது, ஒன்று பின்பக்கம், வெளியிலிருந்து எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. மகளுக்கு முதலில் அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போன் போட்டேன். கோமதி எடுத்தாள். பாஸாகிவிட்டது, வீடு கொடுத்துவிட்டார்கள், எப்போது வருகிறீர்கள் என்று மூச்சுவிடாமல் கேட்டேன்.

அவளுக்குப் போன வாரமே அங்கன்வாடி ஆர்டர் வந்திருந்தது. உள்ளூரில் குடியிருப்பவருக்குத்தான் அந்த வேலை, ஊரை விட்டால் வேலை போய்விடும். பதினைந்து வருஷம் இருந்த கம்பெனி ஒரே நாளில் மூடியதைப் பார்த்தவள் அவள். வீட்டில் ஒருத்தருக்காவது போகாத வேலை வேண்டாமா என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். என்னிடம் சொன்னால் மனசு கஷ்டப்படுவேன் என்று ஒரு வாரமாகச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். விட்டுவிட்டு வா என்று எப்படிச் சொல்வது? நல்லது, ரொம்ப நல்லது என்றுதான் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்தது என்று நாசூக்காக எழுதலாம், நான் நன்றாகவே அழுதேன், அன்பர்களே, பெருக்குமாறைக் கையில் வைத்துக்கொண்டு. ஏப்ரலிலேயே வந்திருக்க வேண்டிய பாஸ் தள்ளிப் போனது யாரால் என்று இரண்டு பேருக்கும் தெரியும், அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வீடு எவ்வளவு பெரிது என்று கேட்டாள். சொன்னேன்.

"ஐயே, ரெண்டு ரூமா? அவ்ளோத்தையும் தனியா நீங்களே பெருக்கணுமே!"

ஓட்டை போட்ட அந்த இரண்டு தட்டும் பார்சலில் திரும்பி வந்தன. ஒன்றில் மகள் கயிறு கோத்துப் பள்ளிப்பட்டில் ஜன்னல் கம்பியில் மாட்டியிருக்கிறாள், இன்னொன்று மூன்றாம் நம்பரின் பின்பக்க ஜன்னலில் தொங்குகிறது. புது மாடல்கள் வந்துகொண்டே இருக்கின்றன, எல்லாம் முதல் தடவையிலேயே பாஸாகின்றன, சாயங்காலம் காலி மனைக்குப் போய் எறிந்துவிட்டு நானே நடந்து போய் எடுத்து வருகிறேன். ஆள் கிடைக்காவிட்டால் ஒருத்தர் தனியாகவே ஆடிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் முதல் நாளே சொன்னார், நான்தான் அவர் ஆட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.